பக்கத்து மாடி எட்டிப் பார்க்கிறதா? நடுங்கள் ஒரு பச்சைத் திரை!

மறைவுக்கு மரம் வைக்கப் போகிறீர்களா? நர்சரிக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். எந்த மரம் நல்லது, எது ஆகாது, எங்கே நடுவது, எவ்வளவு உயரம் போதும்... போளூர் சித்த மருத்துவர் ஒருவர் விளக்குகிறார்.

எங்கள் போளூரில் முப்பது வருஷத்துக்கு முன்னால் வீடு என்றால் முன்னே திண்ணை, பின்னே புழக்கடை, அதில் ஒரு கிணறு, கிணற்றடியில் துவைக்கிற கல், அதைச் சுற்றி வாழையும் முருங்கையும். அண்ணாந்து பார்த்தால் சம்பத்கிரி மலையும், மேற்கே தூரத்தில் ஜவ்வாது மலையும்தான் தெரியும். அந்த மலை யாரையும் எட்டிப் பார்க்காது!

இப்போது அப்படியா? முப்பதுக்கு நாற்பது மனையில் வீடு. பக்கத்து மனையிலும் வீடு. கீழே ஒரு குடும்பம், மாடியில் ஒரு குடித்தனம். மாடி ஜன்னலைத் திறந்தால் நேராக உங்கள் புழக்கடை. பக்கத்து வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் காற்று வேண்டும். ஆனால் உங்கள் வீட்டுப் பெண்கள் துணி துவைக்கவும், தலை துவட்டவும், பின்கட்டுக் கழிப்பறைக்குப் போகவும் தயங்குகிறார்களே, அதற்கு என்ன செய்வது?

"மரம் வைப்பதைப் பற்றித் தோட்டக்காரர் எழுதட்டும், வைத்தியருக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்கிறீர்களா? நிறையவே இருக்கிறது. சொல்கிறேன்.

மறைவு இல்லாவிட்டால் நோய் வரும்

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு கணக்கு உண்டு. தும்மல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம், சிறுநீர், மலம் என்று உடம்பு தானாகக் கேட்கிற விஷயங்கள் அவை. இவற்றை அடக்கக் கூடாது, அடக்கினால் நோய் என்பது முன்னோர் விதி. இதில் சிறுநீரையும் மலத்தையும் நம்ம வீட்டுப் பெண்கள்தான் அதிகம் அடக்குகிறார்கள்.

என்னிடம் ஒரு பெண்மணி வந்தார். வயது முப்பத்து நாலு. சிறுநீர் எரிச்சல், அடிவயிற்று வலி. ஒரே வருஷத்தில் நான்காவது தடவை. சிறுநீர்ப் பரிசோதனை செய்து, மருந்து கொடுத்து, "தினம் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "கம்மியாத்தான் குடிக்கிறேன் டாக்டர். குடிச்சா அடிக்கடி போகணுமே! பாத்ரூம் பின்னாடி இருக்கு. எதிர் மாடியில எப்பவும் யாராச்சும் நிக்கறாங்க. பொழுது சாஞ்சப்புறம்தான் போறது."

நோய் எங்கே இருக்கிறது என்று புரிகிறதா? மருந்து கொடுத்தால் எரிச்சல் அடங்கும். காரணம் அப்படியே இருக்குமே!

இன்னும் இருக்கிறது. மாடியிலிருந்து தெரிகிறது என்று ஜன்னலை நாள் முழுக்கச் சாத்தி வைப்பார்கள். காற்றோட்டம் இல்லாத அறையில் சமையல் புகை, ஈரம், தூசு எல்லாம் தங்கும். இளைப்பு இருக்கிற பிள்ளைக்கு அது ஆகாது. உள்ளாடைகளை வெயிலில் போடக் கூச்சப்பட்டுக் குளியலறைக் கொடியிலேயே ஈரம் உலராமல் காயவைப்பார்கள். பிறகு தொடை இடுக்கில் படர்தாமரை என்று களிம்பு கேட்டு வருவார்கள். களிம்பை விட வெயிலில் காய்ந்த துணி முக்கியம்!

ஆகவே, மறைவு என்பது வசதிக்காரர்களின் ஆடம்பரம் இல்லை. வீட்டின் ஆரோக்கியத்துக்கு அதுவும் ஒரு தேவை.

அந்தப் பெண்மணியின் கணவர் முதலில் என்ன செய்தார் தெரியுமா? மதிலுக்கு மேல் தகரம் அடித்தார். சித்திரை வெயிலில் தகரம் காய்ந்து, புழக்கடையே அடுப்பங்கரை மாதிரி ஆகிவிட்டது. காற்றும் போச்சு. ஒரே மாதத்தில் கழற்றிவிட்டு, "டாக்டர், சீக்கிரமா வளர்ற மரம் ஏதாச்சும் சொல்லுங்க" என்று வந்து நின்றார். அவருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

வேகமாக வளர்வதெல்லாம் நல்லதல்ல

நர்சரியில் போய் "மறைப்புக்கு மரம் கொடுங்க" என்று கேட்டால், சில வருஷங்களுக்கு முன்பு வரை கையில் கொடுத்தது கோனோகார்ப்பஸ். பளபளவென்று பச்சை. வெட்ட வெட்டத் தழையும். சுவர் எழுப்பினது போல நிற்கும். ஆனால் அது நம்ம நாட்டு மரமே அல்ல. அதன் மகரந்தத்தால் சளி, இருமல், இளைப்பு, ஒவ்வாமை வருகிறது, வேர் சாக்கடைக் குழாய்களையும் பூமிக்கடியில் போகும் கேபிள்களையும் கெடுக்கிறது என்று சொல்லி, குஜராத் அரசு 2023-ல் இதை நடுவதற்குத் தடை போட்டது. தமிழ்நாடு அரசும் 2025-ல் தடை விதித்தது. ஆகவே, யாராவது மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால் பூக்க விடாமல் கத்தரித்து வாருங்கள். பக்கத்தில் வேறு செடி வளர்ந்ததும் எடுத்துவிடலாம்.

அடுத்தது நெட்டிலிங்கம். இது நம்ம நாட்டு மரம்தான். ஒல்லியாக, நெட்டையாக, இலைகள் கீழ்நோக்கித் தொங்க, வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும். இடம் குறைவாக அடைக்கும். வரிசையாக நான்கைந்து அடிக்கு ஒன்றாக வைத்தால் இரண்டாவது மாடியைக் கூட மறைத்துவிடும். தெருச் சத்தமும் கொஞ்சம் குறையும். நல்ல மரம்தான். ஆனால் முப்பது நாற்பது அடிக்குப் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். மின்கம்பிக்குக் கீழே ஆகாது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. நெட்டிலிங்கத்தைப் பலர் "அசோக மரம்" என்கிறார்கள். "வீட்லயே அசோக மரம் இருக்கு டாக்டர், பட்டையக் கஷாயம் வச்சுக் குடிச்சா பெரும்பாடு நிக்குமாமே?" என்று என்னையே கேட்டவர்கள் உண்டு. பெரும்பாட்டுக்கு மருந்தில் சேர்ப்பது உண்மையான அசோகின் பட்டை. அது வேறு மரம். கொத்துக் கொத்தாக ஆரஞ்சும் சிவப்புமாகப் பூக்கும். தளிர் செம்பு நிறத்தில் தொங்கும். நெட்டிலிங்கத்தின் பூ பச்சை நிறம், இலை மறைவில் இருப்பதே தெரியாது. நாங்கள் கல்லூரியில் குணபாடம் படித்தபோது இந்த இரண்டு பட்டையையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் காட்டுவார்கள். அவ்வளவு தூரம் கலப்படம் நடக்கிற சரக்கு அது. வீட்டு நெட்டிலிங்கத்தை மறைப்புக்கு வையுங்கள், கஷாயத்துக்கு வேண்டாம். அதிக உதிரப்போக்கு இருந்தால் காரணம் என்ன என்று முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எவ்வளவு உயரம் வேண்டும்? ஒரு மூங்கில் கழி போதும்!

பெரும்பாலானவர்கள் மாடியை மறைக்க மாடி உயரத்துக்கு மரம் வேண்டும் என்று நினைக்கிறார்கள். தேவையே இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். எதிர் வீட்டு மாடித் தளம் 11 அடி உயரம். அங்கே நிற்பவரின் கண் இன்னும் 5 அடி மேலே. மொத்தம் 16 அடி. அந்த ஜன்னல் உங்கள் மதிலிலிருந்து 5 அடி தள்ளி இருக்கிறது. உங்கள் துவைக்கிற கல் மதிலிலிருந்து 10 அடி உள்ளே. நீங்கள் நிற்கும்போது தலை 5 அடி உயரத்தில். இப்போது மதிலோரம் மரம் வைத்தால் அது 12 அடிக்கு மேல் வளர்ந்தால்தான் மறைக்கும். அதையே துவைக்கிற கல்லிலிருந்து மூன்றடி தள்ளி வைத்தால் ஏழேகால் அடி போதும்! உட்கார்ந்து வேலை செய்கிற இடம் என்றால் ஆறடிச் செடியே மறைத்துவிடும்.

அதாவது, பார்க்கிறவருக்குப் பக்கத்தில் மறைப்பதை விட, உங்களுக்குப் பக்கத்தில் மறைப்பது சுலபம். குடை பிடிக்கிற மாதிரிதான்!

உங்கள் வீட்டுக்கு எவ்வளவு என்று அறிய நீங்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில் நில்லுங்கள். மகனையோ மகளையோ ஒரு நீண்ட மூங்கில் கழியுடன், செடி வைக்க நினைக்கிற இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். கழியின் நுனி எதிர் ஜன்னலின் மேல்விளிம்பை எட்டும் வரை உயர்த்தட்டும். தரையிலிருந்து அந்த நுனி வரை அளந்து கொள்ளுங்கள். அந்த உயரத்துக்கு ஒரு அடி கூட்டிக் கொண்டால் போதும். இரும்புக் குழாயை எடுத்துத் தூக்காதீர்கள். மேலே மின்கம்பி இருக்கலாம்.

மறைக்கவும் செய்யும், மருந்தும் கொடுக்கும்

எட்டு முதல் பன்னிரண்டு அடி போதும் என்றால் நமக்கு எத்தனையோ நல்ல செடிகள் இருக்கின்றன.

நொச்சி: என் முதல் ஓட்டு இதற்குத்தான். போத்து வெட்டி நட்டால் பிடித்துக்கொள்ளும். செய்யாற்றுப் படுகை ஓரங்களில் தானாகவே வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு மழைக்குள் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். ஆடு மாடு அதிகம் கடிக்காது. இலையைக் கொதிக்க வைத்து வேது பிடித்தால் மூக்கடைப்பு, தலைபாரம் இறங்கும். (குழந்தைகளுக்குக் கொதிநீர்ப் பாத்திரம் வைத்து வேது பிடிக்க வேண்டாம். சுட்டுக்கொள்வார்கள்.) காய்ந்த இலையைப் புகை போட்டால் கொசு விலகும். ஆனால் நொச்சி வைத்துவிட்டோம், இனி கொசுவே வராது என்று நம்பிவிடாதீர்கள். தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் தேங்கினால் நொச்சிக்கடியிலேயே கொசு குடும்பம் நடத்தும்!

ஆடாதோடை: ஆடு தொடாத இலை என்பார்கள். அகல இலை, அடர்த்தியான புதர், ஆறேழு அடி. கழிப்பறைப் பாதையை மறைக்க இதைவிடச் சிறந்த வேலி இல்லை. ஆடாதோடை மணப்பாகு என்று இருமலுக்கு நாங்கள் கொடுப்பது இதிலிருந்து செய்ததுதான். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். கர்ப்பிணிகள் ஆடாதோடையை உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது.

கறிவேப்பிலை: இரண்டு மூன்று கன்றுகளைச் சேர்த்து வைத்தால் பத்தடிக்கு மேல் வளர்ந்து சமையலறை ஜன்னலை மறைக்கும். பறிக்கப் பறிக்கத் தழையும். கடையில் வாங்குகிற கறிவேப்பிலையில் பூச்சிமருந்து இருக்குமோ என்ற பயமும் இல்லை.

செம்பருத்தி, நந்தியாவட்டை, மருதாணி: மூன்றும் கத்தரித்து வேலியாக வளர்க்க ஏற்றவை. செம்பருத்தி இலை தலைக்கு ஆகும். நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பழக்கம் நம் பெண்களுக்கு உண்டு. மூடிய கண் மேல் குளிர்ச்சிக்கு வைப்பதோடு நிறுத்துங்கள். அதன் பாலோ சாறோ கண்ணுக்குள் போகக் கூடாது. மருதாணியைக் கைக்குழந்தைகளுக்குப் பூசாதீர்கள்.

சப்போட்டா, மகிழம்: இடம் கொஞ்சம் கூட இருந்தால் இவை. இரண்டுமே இலை உதிர்த்து மொட்டையாக நிற்காதவை. சப்போட்டா குடை மாதிரி அடர்ந்து, பழமும் கொடுக்கும். மகிழம் மெதுவாகத்தான் வளரும். ஆனால் நீங்கள் நட்டால் பேரன் காலம் வரை நிற்கும். மகிழம்பட்டை பல் ஈறுக்கு நல்ல மருந்து. பூவின் வாசனையோ காய்ந்த பிறகும் போகாது. இவற்றைச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி வையுங்கள்.

இவற்றை மறைப்புக்கு வைக்காதீர்கள்

அரளி: குறிப்பாக மஞ்சள் அரளி. பொன்னரளி என்பார்களே, அதுதான். சீக்கிரம் வளரும், அடர்த்தியாக இருக்கும், ஆடு தின்னாது என்று வேலிக்கு வைக்கிறார்கள். செடி முழுக்க நஞ்சு, விதையில் மிக அதிகம். இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். இலங்கையின் வடக்கே 1980-களிலிருந்து இந்த நஞ்சால் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் ஏராளம். நம்ம ஊர் டாக்டர்களுக்கும் இது புதிதில்லை. குழந்தைகள் விளையாடுகிற வீட்டில் இந்தச் செடி வேண்டவே வேண்டாம். குழந்தை தெரியாமல் வாயில் வைத்துவிட்டால் கை வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரி!

முருங்கை: கீரைக்கும் காய்க்கும் ஒரு மரம் கட்டாயம் வேண்டும். மறைப்புக்கு மட்டும் வேண்டாம். இலை பொடி, கிளை பொலபொலவென்று முறியும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடை அடையாய் ஏறும். அதன் ரோமம் காயவைத்த துணியில் ஒட்டினால் உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு. துணிக்கொடியை விட்டுத் தள்ளி வையுங்கள்.

பாதாம், புங்கம்: நல்ல நிழல் மரங்கள். ஆனால் இலை உதிர்க்கும் பருவத்தில் திரை கிழிந்துவிடும்.

சவுக்கு: இதன் மகரந்தமும் சிலருக்கு ஒவ்வாது. வீட்டில் இளைப்புக்காரர் இருந்தால் தவிர்க்கலாம்.

சந்தனம்: ஜவ்வாது மலையடிவாரத்துக்காரர்களுக்கு இந்த ஆசை வரும். 2002-ல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பட்டா நிலத்துச் சந்தன மரம் நிலத்துக்காரருக்கே சொந்தம். ஆனாலும் வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும். அது தனியாக நன்றாக வளராது. பக்கத்துச் செடியின் வேரைப் பற்றித்தான் பிழைக்கும். திருட்டு பயம் வேறு. மறைப்புக்கு வைத்துவிட்டு ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வானேன்?

காற்றை அடைக்காதீர்கள்

மறைப்பு என்ற பெயரில் நான்கு பக்கமும் அடைத்துவிட்டால் தகரம் அடித்த கதைதான். எந்த ஜன்னல், எந்த இடம் தெரிகிறதோ அதற்கு நேராக மட்டும் வையுங்கள். தெற்குப் பக்கம் தென்றல் வருகிற வழி. அங்கே அடர்ந்த புதர் வேண்டாம். கீழே தண்டு மட்டும் தெரிய, மேலே தழைக்கிற மாதிரி கத்தரித்து விடுங்கள். மேற்குப் பக்கம் மறைப்பு தேவைப்படுகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மாலை வெயிலும் சேர்ந்து மறைந்துவிடும்.

அடர்ந்த செடியின் அடியில் பகலில் கொசு தங்கும். தரையிலிருந்து ஒன்றரை அடி வரை கிளைகளைக் கழித்துவிடுங்கள். வெளிச்சம் படும், குப்பையும் சேராது, பாம்பு கீம்பு இருந்தாலும் தெரிந்துவிடும்.

பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை

செடி வைக்கும் முன், பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "உங்க மாடியிலிருந்து பாக்கறாங்க" என்று ஆரம்பித்தால் சண்டைதான் வரும். "ஓரத்துல நொச்சி வைக்கலாம்னு இருக்கோம் அக்கா, உங்க பக்கம் கிளை வந்தா நாங்களே வெட்டிடறோம்" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பிரச்னை அங்கேயே தீர்ந்துவிடும். ஒருவேளை அவர்கள் வீட்டுப் பெண்களும் உங்கள் ஜன்னலைப் பார்த்துக் கூசிக்கொண்டிருக்கலாம்!

"சட்டம் இல்லையா டாக்டர்?" என்று கேட்பவர்கள் உண்டு. 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்தில், ஊர் வழக்கப்படி பக்கத்து வீட்டாரின் மறைவைக் கெடுக்கும் புது ஜன்னல் வைக்கக் கூடாது என்று ஒரு எடுத்துக்காட்டே இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் உங்கள் ஊரில் உண்டு என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். அது முடிவதற்குள் மகிழமரமே பூத்துவிடும்!

எப்போது, எப்படி நடுவது?

ஆடியில் குழி எடுங்கள். இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். ஒரு வாரம் வெயிலில் ஆறப்போட்டு, மக்கிய சாணி எருவும் செம்மண்ணும் கலந்து நிரப்புங்கள். எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும் கொஞ்சம் கிடைக்கும், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையிலும் கிடைக்கும். ஆடி, ஆவணியில் நட்டால் அடுத்த சித்திரைக்குள் வேர் பிடித்துவிடும். நொச்சி, ஆடாதோடைக்கு இரண்டடி இடைவெளி. செம்பருத்தி, மருதாணிக்கு மூன்றடி. துணி அலசிய தண்ணீரை, சோப்பு அதிகம் இல்லாத கடைசி அலசல் தண்ணீரை, செடிக்கு விடலாம்.

அதுவரை என்ன செய்வது? இரண்டு கழி நட்டு, கயிறு கட்டி, அவரையோ கோவையோ முடக்கத்தானோ ஏற்றிவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் படர்ந்துவிடும். முடக்கத்தான் தோசைக்கும் ஆச்சு, மறைப்புக்கும் ஆச்சு.

வாசகிகள் வழக்கமாகக் கேட்பவை

*வாடகை வீடு. தரையில் நட முடியாது. என்ன செய்வது?*
பெரிய சிமென்ட் தொட்டியில் கறிவேப்பிலை, செம்பருத்தி வைக்கலாம். ஜன்னலுக்குப் பக்கத்திலேயே வைத்தால் நான்கடிச் செடியே போதும். வீடு மாறினால் தொட்டியோடு எடுத்துப் போகலாம்.

*வேப்பமரம் வைக்கலாமா?*
மனை பெரிதாக இருந்தால் தாராளமாக. சுவரிலிருந்து பதினைந்து இருபது அடி தள்ளி வைக்க முடியாதவர்கள் வேண்டாம்.

*குழந்தைக்கு இளைப்பு இருக்கிறது. எந்தச் செடியும் ஆகாதோ?*
அப்படியில்லை. காற்றில் மகரந்தம் பறக்கிற மரங்களைத் தவிருங்கள். பூச்சி வந்து தேன் குடிக்கிற செம்பருத்தி, நந்தியாவட்டை போன்றவற்றால் தொந்தரவு குறைவு. வாசனை அதிகமுள்ள பூ சிலருக்கு ஆகாது. படுக்கை அறை ஜன்னலோரம் மட்டும் அதைத் தவிர்த்தால் போதும். கொடுத்து வரும் மருந்தை நிறுத்தாதீர்கள்.

*எத்தனை நாளில் பலன் தெரியும்?*
முதலில் சொன்னேனே ஒரு பெண்மணி, அவர் வீட்டில் கழிப்பறைப் பாதையோரம் ஆடாதோடையும், துவைக்கிற கல்லுக்கு அருகே நொச்சியும் வைத்தார்கள். அது வளரும் வரை கோவைக்கொடிப் பந்தல். ஒன்றரை வருஷத்தில் செடி அவர் உயரத்தைத் தாண்டியது. இப்போது பயமில்லாமல் தண்ணீர் குடிக்கிறார். அதன்பின் அந்த எரிச்சலுக்காக அவர் என்னிடம் வரவில்லை. போன மாதம் வந்தது மாமியாரின் மூட்டு வலிக்காக!

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். கடைக்கு ஓடாதீர்கள். முதலில் வீட்டுப் பெண்களிடம், "எந்த இடத்துல நிக்கத்தான் உங்களுக்குக் கூச்சமா இருக்கு?" என்று கேளுங்கள். அவர்கள் கை காட்டுகிற இடத்தில் மூங்கில் கழியைப் பிடித்து அளந்து பாருங்கள். குழி எங்கே என்பது தானாகத் தெரியும்.